மூன்று மாதம் தினமும் ஒரு கைப்பிடி பாதாம்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

ஜனவரியில் இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் என் கணவருக்குக் கெட்ட கொழுப்பு, அதாவது எல்டிஎல், லிட்டருக்கு 4.1 மில்லிமோல் என்று வந்தது. வயது 49, சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, புகைப்பழக்கமும் இல்லை, அதனால் டாக்டர் உடனே மாத்திரை எழுதவில்லை. மூன்று மாதம் சாப்பாட்டைச் சரிசெய்துவிட்டு வாருங்கள், மறுபடி பார்ப்போம் என்றார். சாயங்காலம் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டதற்கு இவரும் மறைக்காமல் சொன்னார்: துவாஸ் தொழிற்பேட்டையில் வேலை, நாலு மணிக்குக் காப்பிக் கடையில் ஒரு தே, அதாவது பால் தேநீர், எண்ணெயில் பொரித்த கறிபாப் இரண்டு, சில நாள் கூடவே ஒரு வடை. "அதை விட்டுட்டு அந்த இடத்துல ஒரு கைப்பிடி பாதாம் சாப்பிட்டுப் பாருங்க, உப்பு போடாதது" என்றார் டாக்டர். அந்த ஒரு வரியை நம்பி மூன்று மாதம் நாங்கள் வாங்கிப் பார்த்த பாதாம் வகைகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பணம் கொடுத்து வாங்கியவை, ஒன்று மட்டும் சொந்தக்காரர் கொடுத்தது.

முதலில் வாங்கியது ஏமாற்றம். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பேரங்காடியில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டிருந்தார்கள், கண்ணாடி போன்ற பாக்கெட், உள்ளே பாதாம் எல்லாம் ஒரே அளவாக அழகாக இருந்தது, காலாவதித் தேதிக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. இரண்டு பாக்கெட்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் இவர் வேலையிலிருந்து வந்து, "பாதாம்னா இப்படித்தான் தொண்டையைப் பிடிக்குமா?" என்று கேட்டார். ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, மென்று விழுங்கும்போதுதான் காறல் எடுத்தது, பழைய எண்ணெயின் சிக்கு வாடை மூக்குக்கு ஏறியது. இன்னொன்றைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன், நடுவில் பால் வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக, ஓரத்தில் லேசான பழுப்போடு இருந்தது. பத்து எடுத்துப் பிளந்ததில் ஏழு அப்படித்தான். ரசீதைத் தூக்கிப் போட்டுவிட்டதால் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை, இரண்டு பாக்கெட்டும் குப்பைக்குப் போனது.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு பாதாம் வாங்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். பாதாமின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அந்த எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்பு, ஆலிவ் எண்ணெயில் இருக்கும் அதே ஒலியிக் அமிலம்தான் அதிகம். இதயத்துக்கு நல்லது என்று டாக்டர் சொல்வது இதைத்தான், ஆனால் சூடும் வெளிச்சமும் காற்றும் பட்டால் சீக்கிரம் கெட்டுப்போவதும் இதேதான். நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் கண்ணாடிப் பாக்கெட்டில், விளக்கு வெளிச்சத்தில், மாதக்கணக்கில் அலமாரியில் தொங்கினால் பாக்கெட்டில் அச்சடித்த தேதி வரைக்கும் அது எப்படித் தாங்கும்?

அடுத்த சனிக்கிழமை தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியா பக்கம் போனேன். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்துகளில் பழைய பலசரக்குக் கடைகள் இன்னும் சில இருக்கின்றன, அதில் நான் மல்லி, மிளகாய் வாங்கும் கடை ஒன்று. அங்கே மூட்டையாக இறக்கி, அவர்களே கால் கிலோ, அரை கிலோ என்று பாக்கெட் கட்டித் தொங்கவிடுவார்கள். "அண்ணே, எப்ப வந்த சரக்கு?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, கட்டாமல் வைத்திருந்த டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து விரலாலேயே உடைத்துக் காட்டினார். டக் என்று சத்தம். உள்ளே சுத்தமான வெள்ளை. "இந்தச் சத்தம் வரணும்மா. வளைஞ்சா ஈரம் குடிச்சிருக்குன்னு அர்த்தம். முந்தாநாள் பிரிச்ச மூட்டை இது, தீபாவளி சமயத்துல வந்தா இதைவிடப் புதுசு கிடைக்கும், நாலு நாளைக்கு ஒரு மூட்டை போகும்" என்றார். அரை கிலோவுக்கு ஒன்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தேன். இந்த மூன்று மாதத்தில் நான் கொடுத்த பணத்துக்கு முழு மதிப்பு கிடைத்தது இந்தப் பாதாமுக்குத்தான். தோலோடு, வறுக்காமல், உப்பில்லாமல், கடித்தால் முதலில் ஒன்றுமில்லாதது போல இருந்து, மெல்ல மெல்லப் பால் போல இனிப்பு ஊறிவரும். கலிபோர்னியா சரக்குதான் அதுவும், உலகப் பாதாமில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அங்கிருந்துதான் வருகிறது, ஆக பேரங்காடியில் தூக்கிப் போட்டதும் இதுவும் ஒரே மண்ணில் விளைந்ததாகக்கூட இருக்கலாம். சரக்கு எவ்வளவு வேகமாக விற்றுத் தீர்கிறது என்பதில்தான் வித்தியாசம். நீங்கள் எந்தக் கடையில் வாங்கினாலும் முதலில் கால் கிலோ மட்டும் வாங்கி, கடையைவிட்டு வெளியே வந்ததும் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். நன்றாக இருந்தால் திரும்ப உள்ளே போய் மிச்சத்தை வாங்கலாம்.

சரி, ஒரு கைப்பிடி என்றால் எவ்வளவு? இவர் கை பெரியது, என் கை சின்னது, அதனால் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 28 கிராம் என்பது ஏறக்குறைய 23 பாதாம். அதில் 6 கிராம் புரதம், மூன்றரை கிராம் நார்ச்சத்து, ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் இ சத்தில் பாதிக்கு அருகே, மெக்னீசியம் 75 மில்லிகிராமைச் சுற்றி. கலோரிக் கணக்கில் 160க்குக் கொஞ்சம் மேலே. இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 2012ல் அமெரிக்க விவசாயத் துறை ஆய்வாளர்கள் ஆட்களுக்குப் பாதாம் கொடுத்து உடம்பில் உண்மையில் சேரும் கலோரியை அளந்து பார்த்தபோது, அதே 28 கிராமுக்கு 129 கலோரிதான் வந்தது. பாதாமின் செல் சுவர் கெட்டியானது, நாம் என்னதான் மென்றாலும் கொஞ்சம் எண்ணெய் அதற்குள்ளேயே அடைபட்டு வெளியே போய்விடுகிறது. முழுதாகக் கடித்துச் சாப்பிட்டால்தான் இது. பாதாமை வெண்ணெய் போல அரைத்துவிட்டால் சுவர் எல்லாம் உடைந்து எண்ணெய் முழுவதும் உடம்பில் சேர்ந்துவிடும்.

ஆனால் கால்சியத்துக்காகப் பாதாம் சாப்பிடுகிறேன் என்று சொல்பவர்கள் ஒரு முறை கணக்குப் பாருங்கள், இந்த 23 பாதாமில் 75 மில்லிகிராம் அளவுதான் இருக்கிறது, ஒரு டம்ளர் பாலில் இதைப் போல மூன்று மடங்குக்கு மேல் கிடைக்கும். மூளைக்கு ஒமேகா 3 என்று பாதாமைச் சொல்வதும் சரியில்லை, அது அக்ரூட்டில் இருக்கிறது, பாதாமில் இல்லை என்றே சொல்லலாம். பரீட்சை நேரத்தில் பிள்ளைகளுக்கு நினைவாற்றலுக்காகப் பத்துப் பாதாம் ஊறவைத்துக் கொடுக்கும் அம்மாக்களில் நானும் ஒருத்திதான், இப்போதும் கொடுக்கிறேன், பசி அடங்கும், பிஸ்கட் டப்பாவைத் தேட மாட்டார்கள் என்பதற்காக.

கொழுப்புக்கு வருகிறேன், எங்கள் கவலை அதுதானே. 2002ல் டொரான்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் என்பவரின் குழு கொழுப்பு அதிகமுள்ளவர்களுக்குப் பாதாம் கொடுத்துப் பார்த்தது. தினம் 73 கிராம் சாப்பிட்டபோது எல்டிஎல் 9.4 சதவீதம் குறைந்தது, அதில் பாதி அளவு சாப்பிட்டபோது 4.4 சதவீதம். நம்மவர்களை வைத்துச் செய்த ஆய்வும் உண்டு. சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனம் உடல் எடை அதிகமுள்ள 400 பேரை எடுத்து, ஒரு பாதிப் பேருக்கு 12 வாரம் தினம் 43 கிராம் பாதாம் கொடுத்தது. சாப்பிட்டவர்களுக்கு இன்சுலின் எதிர்ப்பும், அதாவது இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கட்டுப்படாத நிலையும், மொத்தக் கொழுப்பும் குறைந்ததாக 2023ல் வெளியிட்டார்கள். இந்த ஆய்வுக்குக் கலிபோர்னியா பாதாம் வாரியம் பணம் கொடுத்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், தெரிந்துகொண்டு படிப்பது நல்லது. ஆனாலும் நம்மைப் போன்ற உடல்வாகு, சோறும் இட்லியும் சாப்பிடும் ஆட்கள், சர்க்கரை நோய் பரம்பரையாக வரும் குடும்பங்கள் என்பதால் எனக்கு இது முக்கியமாகப் பட்டது. சிங்கப்பூரில் சர்க்கரை நோய் இந்தியர்களிடம் அதிகம் என்று ஒவ்வொரு முறை மருந்தகம் போகும்போதும் கேட்கத்தானே செய்கிறோம்.

அடுத்து, உப்புப் போட்டு வறுத்த டப்பாப் பாதாம். ருசி அபாரம், அதில் சந்தேகமே இல்லை. சின்ன வயதில் திரையரங்கு வாசலில் அப்பா கச்சாங் பூத்தே, அதாவது வறுத்த கடலை, பருப்பு வகைகள் வாங்கித் தருவார், காகிதக் கூம்பில் சுடச்சுட, நம் தமிழ்க்காரர்தான் விற்பார், அந்த ஞாபகம் வந்துவிட்டது. அதுதான் பிரச்சினை. டப்பாவைத் திறந்தால் மூட முடியவில்லை, நானும் மகனும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து ஒரே இரவில் காலி செய்துவிட்டோம். வறுத்தது கெடுதல் என்று சொல்ல மாட்டேன், வறுக்கும்போது சத்து பெரிதாக ஒன்றும் போய்விடுவதில்லை, ஆனால் உப்பும் எண்ணெயும் சேர்ந்தால் 23ல் நிறுத்த முடியாது. பச்சைப் பாதாமில் அந்த ஆபத்து இல்லை, இருபது தாண்டினால் வாய் போதும் என்று சொல்லிவிடுகிறது. வறுத்துதான் வேண்டும் என்றால் வீட்டில் இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் சிறுதீயில் புரட்டிக்கொள்ளுங்கள், கருக விடாதீர்கள்.

மம்ரா பாதாம் என் நாத்தனார் சென்னையிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்துச் சரக்கு, சின்னதாக, நடுவில் குழிந்து, வளைந்து படகு மாதிரி இருக்கும். எண்ணெய்ச் சத்து கூடுதல், கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாலே பிசுபிசுக்கும். ருசியில் இதுதான் முதல். விலை சாதாரணப் பாதாமைவிடப் பல மடங்கு. கொழுப்பைக் குறைக்க இவ்வளவு செலவு தேவையே இல்லை, தேக்கா பாதாமே போதும். யாராவது அன்பளிப்பாகக் கொடுத்தால் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள்.

பாதாம் பானப் பொடியைப் பற்றிக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. மாமியார் கடிக்க முடியாமல் கஷ்டப்படுகிறாரே என்று ஒரு டப்பா வாங்கினேன், அட்டையில் பாதாம் மழையாகக் கொட்டுவது போலப் படம். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் முதலில் எழுதியிருப்பது சர்க்கரை. எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது இங்கே விதி, ஆக அந்த டப்பாவில் பாதாமைவிடச் சர்க்கரைதான் அதிகம். அப்புறம் பால் பொடி, அதற்கப்புறம் பாதாம் சில சதவீதம், மஞ்சள் நிறமி, வாசனை. பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரம் போடும் நியூட்ரி-கிரேட் முத்திரையில் கடைசித் தரமான டி போட்டிருந்தது, வாங்கும் அவசரத்தில் நான் அதைப் பார்க்கவே இல்லை. 2022 டிசம்பர் கடைசியிலிருந்து இந்த முத்திரை பாக்கெட் பானங்களுக்கு வந்துவிட்டது, 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. சர்க்கரை நோய் உள்ள 78 வயது மனுஷிக்குச் சத்து என்று நினைத்து இதைக் கலக்கிக் கொடுக்க இருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது. உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு யாராவது இந்த மாதிரி டப்பா வாங்கிக் கொடுத்திருந்தால் இன்றைக்கே எடுத்துப் பின்பக்கம் படியுங்கள்.

அட்டைப்பெட்டியில் வரும் பாதாம் பால் இவ்வளவு மோசமில்லை. சர்க்கரை சேர்க்காதது என்று எழுதியதை எடுத்தால் பசும்பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பயன்படும், காப்பியில் ஊற்றிக்கொள்ளலாம். ஆனால் நான் வாங்கிய பெட்டியில் பாதாம் இரண்டரை சதவீதம், மற்றதெல்லாம் தண்ணீரும் கெட்டியாக்கும் பொருளும். ஒரு டம்ளருக்குப் புரதம் ஒரு கிராம் அளவுதான். பாதாம் சாப்பிட்டதாக இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே ஒரு விஷயம், நம்மவர்கள் பலருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். எங்கள் புளோக்கில் பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி சீனப் புத்தாண்டின்போது பாதாம் ஜெல்லி, லோங்கான் பழம் போட்டு ஒரு கிண்ணம் கொடுத்தார். வாசனை தூக்கலாக, நம் பாதாமில் இல்லாத ஒரு வாசனை. எங்கே பாதாம் வாங்குகிறீர்கள் என்று கேட்டபோது, டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். சின்னதாக, இதய வடிவில், வெள்ளையாக. அவர்கள் சிங்ரென் என்கிறார்கள், டப்பாவின் மேல் ஆல்மண்ட் என்று எழுதியிருந்தாலும் அது ஏப்ரிகாட் பழக் கொட்டையின் பருப்பு. அதில் தெற்கு, வடக்கு என்று இரண்டு வகை, வடக்கு வகை கசக்கும், அதில் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது, உடம்புக்குள் போனால் சயனைடாக மாறும். அதனால்தான் ஆன்ட்டி அதைக் கொஞ்சமாக, வேகவைத்துத்தான் போடுவாராம். சீன மருந்துக் கடையில் ஆல்மண்ட் என்று பார்த்து வாங்கி வந்து கைப்பிடி கைப்பிடியாகப் பச்சையாகச் சாப்பிட்டுவிடாதீர்கள். நம் பாதாமிலும் எப்போதாவது ஒன்று கசந்தால் துப்பிவிடுங்கள், மெல்ல வேண்டாம்.

ஊறவைப்பதா, தோலை உரிப்பதா என்ற சண்டை எங்கள் வீட்டில் தினமும் நடந்தது. மாமியார் ஊறவைத்துத் தோல் உரிக்காமல் கொடுக்கவே கூடாது என்பார். ஊறவைத்தால், சத்துக்கள் உடம்பில் சேர்வதைத் தடுக்கும் ஃபைட்டிக் அமிலம் போய்விடும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. தோலில் நார்ச்சத்தும் பாலிஃபினால் என்ற தாவரச் சத்தும் இருக்கின்றன, உரித்தால் அது போகும். ஆனால் ஊறிய பாதாம் மெல்லச் சுலபம், விரலால் அழுத்தினால் தோல் வழுக்கிக்கொண்டு வரும், வெண்ணெய் போலப் பருப்பு கையில் விழும், அந்த ருசி தனி. ஆகவே இவருக்குத் தோலோடு, மாமியாருக்கு ஊறவைத்து உரித்து. ஊறவைக்கும் கிண்ணத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள், இங்கே உள்ள புழுக்கத்தில் வெளியே வைத்தால் காலையில் தண்ணீர் நுரைத்துவிடுகிறது.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடங்காதீர்கள், பாதாமில் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகம் பலவீனமாக உள்ளவர்களும் அப்படித்தான், பொட்டாசியமும் பாஸ்பரசும் கணக்குப் பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு முழுப் பாதாம் கொடுக்கவே கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.

ஏப்ரலில் மறுபடி ரத்தம் எடுத்தோம். 4.1 என்றிருந்தது 3.7 ஆகியிருந்தது. இவர் தினம் 30 கிராம்தான் சாப்பிட்டார், ஜென்கின்ஸ் குழு கண்ட கணக்குப்படி அதற்கு நான்கு சதவீதம்கூட இறங்காது, இறங்கியதோ பத்து சதவீதத்துக்குப் பக்கம். மிச்சம் எங்கிருந்து வந்தது என்று டாக்டரிடம் கேட்டேன். "கறிபாப்பை விட்டாரே, அதுலேருந்துதான்" என்றார். மாத்திரை வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றும் சொன்னார். இதைச் சொல்வது எதற்கு என்றால், கறிபாப்பும் சாப்பிட்டு அதற்கு மேலே பாதாமும் சாப்பிட்டிருந்தால் இவருக்கு எடைதான் ஏறியிருக்கும். ஏற்கெனவே கொழுப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் பாதாமை நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

இப்போது மாதம் ஒரு முறை தேக்காவுக்குப் போய் ஒரு கிலோ வாங்குகிறேன், அதற்கு மேல் வாங்குவதில்லை. வந்ததும் மூடி இறுக்கமான கண்ணாடிப் புட்டியில் போட்டு முட்டை வைக்கும் தட்டுக்குக் கீழே வைத்துவிடுவேன், ஞாயிறு இரவு தராசை வைத்து ஐந்து சின்ன டப்பாவில் 30 கிராம் வீதம் பிரித்து வைப்பது மகனின் வேலை. மாமியாருக்கு அன்றன்றைக்குப் பத்தை உரித்து, அம்மியில் ஒரு இழுப்பு இழுத்துக் கேழ்வரகுக் கஞ்சியில் சேர்த்துவிடுகிறேன், சர்க்கரை போடுவதில்லை. போன வாரம் அவரே கேட்டார், "இன்னும் ரெண்டு பாதாம் போடக்கூடாதா?" என்று. இப்போது பன்னிரண்டு போடுகிறேன்.